தூங்குகிற புலியின் முன்னால் நிற்பவர்களுக்கு

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிற அப்பா அம்மாக்களுக்கும், கூடவே கிளம்பி வரும் தாத்தா, பாட்டி, மாமா, சித்தப்பாக்களுக்கும்,



மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மதியம் பன்னிரண்டரை மணி. புலி அடைப்பின் முன்னால் முப்பது நாற்பது பேர் நிற்கிறார்கள். அகழிக்கு அந்தப் பக்கம், மர நிழலில் புலி ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. வயிறு ஏறி இறங்குவது மட்டும் தெரிகிறது. நீலச் சட்டைக்காரர் ஒருவரின் தோளில் அவருடைய மகள். ஐந்து வயது இருக்கும். “அப்பா, அதுக்கு உடம்பு சரியில்லையா?” என்று குனிந்து அவர் காதில் கேட்கிறாள். நல்ல கேள்வி. அப்பா பதில் சொல்லவில்லை. இரண்டு விரலை நாக்குக்கு அடியில் மடித்து வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார். புலி அசையவில்லை. பக்கத்தில் இருந்தவர் கை தட்டினார். யாரோ ‘ஏய்ய்’ என்று கத்தினார். பின்னாலிருந்து காலி தண்ணீர் பாட்டில் ஒன்று பறந்துபோய் அகழியில் விழுந்தது. புலி ஒரு காதை மட்டும் திருப்பி, பழையபடி வைத்துக்கொண்டது. “வேஸ்ட்டுப்பா, வா போலாம்” என்று கூட்டம் கலைந்தது. தோளில் இருந்த சிறுமி, திரும்பிப் போகும்போது, தன் பங்குக்குப் புலியைப் பார்த்து ஒரு ‘ஏய்’ போட்டுவிட்டுப் போனாள்.

அந்தக் கடைசி ‘ஏய்’க்காகத்தான் இந்த மடல்.

உங்கள் மேல் குறை சொல்லத் தொடங்கும் முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வண்டலூர் போய்ச் சேர்வதே பெரிய பாடு. விடிவதற்கு முன் எழுந்து புளிசாதம் கிளறி, உருளைக்கிழங்கு வறுத்து, தயிர்சாதத்தில் மறக்காமல் பால் கூட ஊற்றி, டப்பாக்களில் அடைத்துக்கொண்டு கிளம்பியிருப்பீர்கள். தாம்பரத்தைத் தாண்டும் வரை ரயிலில் உட்கார இடம் கிடைத்திருக்காது. வண்டியில் வந்தவர்களாக இருந்தால் ஜி.எஸ்.டி. சாலையில் பெருங்களத்தூர் நெரிசலில் ஒரு பிள்ளை வாந்தி எடுத்திருக்கும். மாலுக்குப் போய் ஏசியில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். அதை விட்டுவிட்டு, பிள்ளைக்கு மரத்தையும் மானையும் காட்ட வேண்டும் என்று நினைத்தீர்கள். அப்படி நினைத்தவர்களிடம்தான் உரிமையோடு பேச முடியும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். பழைய சென்னைவாசிகள் யாரும் ‘ஜூ’ என்று சொன்னதில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அவர்கள் வைத்த பெயர் செத்த காலேஜ். விலங்குகள் இருந்த இடம் உயிர் காலேஜ். இரண்டுக்கும் ஒரே தகப்பன் என்பதை இந்தப் பெயர்களே காட்டிக்கொடுக்கும். அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபோர், பாடம் செய்த விலங்குகளை விட உயிரோடு இருக்கும் புலியைப் பார்க்கத்தான் ஜனங்கள் குவிகிறார்கள் என்று கண்டுகொண்டார். ஆற்காடு நவாப் வளர்த்து வந்த விலங்குகளையும் கேட்டு வாங்கி, 1855-ல் அந்த வளாகத்திலேயே ஒரு விலங்குக் காட்சியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயிற்று. அங்கே இருந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகம் வாங்கிய கையோடு பிள்ளைகளுக்குக் கரடி காட்டிவிட்டுப் போன தலைமுறை ஒன்று உண்டு.

இதை எழுதுபவரும் அந்தத் தலைமுறையின் கடைசி வரிசையில் நின்றவர்தான். கம்பிக் கூண்டுக்குள் இங்குமங்கும் நடந்துகொண்டே இருந்த கரடியின் மேல் எட்டு வயதில் வேர்க்கடலை எறிந்திருக்கிறார். குறி தப்பியதற்கு வருத்தப்பட்டது கூட அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்தில் நின்ற பெரியவர்கள் எல்லோரும் எறிந்தார்கள். எறியக் கூடாது என்று சொல்ல யாரும் இல்லை. அதனால் இது உத்தமர் ஒருவர் ஊராருக்குச் சொல்லும் புத்திமதி என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆனால் அந்தக் கூண்டு வேறு, வண்டலூர் வேறு. நகரத்தின் நடுவில் இடம் போதாமல், ரயில் சத்தத்திலும் வண்டிப் புகையிலும் திணறிய விலங்குகளுக்காக வண்டலூர் காப்புக்காட்டைத் தேர்ந்தெடுத்து, ஆண்டுக்கணக்கில் வேலை செய்து, 1985 ஜூலை 24-ம் தேதி முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்து வைத்தார். பரப்பு சுமார் 600 ஹெக்டேர். கம்பிகளை எடுத்துவிட்டு நடுவில் அகழி வெட்டியதன் நோக்கம், விலங்கு தன் இயல்புப்படி படுக்கவும் எழவும் ஒளியவும் இடம் வேண்டும் என்பதுதான். ஒளிந்துகொள்ளும் உரிமையும் அதில் அடக்கம். நீங்கள் போகிற நேரத்தில் சிறுத்தை புதருக்குள் போய்விட்டால், பூங்கா ஒழுங்காக இருக்கிறது என்று பொருள்.

புலி ஏன் தூங்குகிறது என்பதற்கு வருவோம். பூனை இனத்துக்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மீதிச் சூட்டை மூச்சு வாங்கித்தான் தணிக்க வேண்டும். அதனால் வெயில் ஏறினால் நிழல், இல்லாவிட்டால் தண்ணீர். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரை கூடப் படுத்துக் கிடக்கும். கிர் காட்டிலும் அப்படித்தான், ஆப்பிரிக்காவிலும் அப்படித்தான். வேட்டையில் பெரும்பாலும் தோல்விதான் மிஞ்சும் என்பதால், அடுத்த பாய்ச்சலுக்கு உடம்பில் தெம்பு சேர்த்து வைக்கிற பழக்கம் அது. இங்கே இரை தேட வேண்டிய அவசியம் இல்லாவிட்டாலும் உடம்பு பழசை மறக்காது. மே மாதத்து மதியம் பன்னிரண்டரைக்கு ஒரு புலி சுறுசுறுப்பாக நடந்துகொண்டிருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

இவ்வளவையும் ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதில்லை. “வெயிலுக்குப் படுத்திருக்கு கண்ணு” என்றால் போதும். அந்த மூன்று வார்த்தைக்குப் பதிலாக ஒரு விசில் கிடைத்தபோது அந்தச் சிறுமி என்ன படித்திருப்பாள்? படுத்திருக்கிற ஒன்று நமக்காக எழுந்திருக்க வேண்டும், எழாவிட்டால் அது ‘வேஸ்ட்’.

முதலைக் குளத்தின் முன்னால் இது இன்னும் மோசம். முதலை வாயைத் திறந்து வைத்தபடி மணிக்கணக்கில் கிடக்கும். உடம்புச் சூட்டைச் சீராக்குகிற வேலையில் இருக்கிறது என்பது தெரியாதவருக்கு அது சிமெண்டுப் பொம்மையாகத் தோன்றுகிறது. பொம்மையா நிஜமா என்று பந்தயம் கட்டி, கல்லால் அடித்துப் பார்க்கிற அண்ணன்மார் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கூட வந்திருக்கும் தம்பி அடுத்த கல்லைப் பொறுக்கித் தருகிறான்.

அறியாமையில் தவறில்லை. வெள்ளைப் புலியைக் காட்டி, “இது பனிமலையில இருக்கிற புலி” என்று சொன்ன ஒரு தாத்தாவை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் உண்மைக் கதை அதைவிட நன்றாக இருக்கும். வெள்ளைப் புலி தனி இனம் இல்லை, நம்மூர் வங்கப் புலியேதான். 1951-ல் பழைய ரேவா சமஸ்தானத்துக் காட்டில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழியில் வந்தவைதான் இன்று உலகெங்கும் காட்சிக்கூடங்களில் இருக்கும் வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. நிறத்துக்காக மோகனை அதன் சொந்த மகளோடேயே இணை சேர்த்தார்கள். அந்த வெள்ளைக்குப் பின்னால் இப்படி ஒரு வேதனையும் இருக்கிறது. பத்து வயதுப் பிள்ளைக்கு இது புரியும். வீட்டுக்குப் போகும் ரயிலில் இதைப் பற்றியே உங்களைத் துளைத்தெடுக்கும்.

அடுத்தது தீனி. இதில்தான் உங்கள் அன்பு உங்களையே ஏமாற்றுகிறது.

மான் வேலி ஓரத்தில் நடப்பதைக் கவனித்திருப்பீர்கள். சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கும் சரசர சத்தம் கேட்டதும் இரண்டு புள்ளிமான் கிட்டே வரும். “பசிக்குது போல, பாவம்” என்பார் ஒரு அம்மா. குழந்தை ஒரு சிப்ஸை நீட்டும். அடுத்தவர் ஒரு கைப்பிடி வீசுவார். பாக்கெட் காலியானதும் காற்று அதை உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கும். உள்ளே போன பாக்கெட்டில் உப்பு ஒட்டியிருக்கும், எண்ணெய் வாசம் இருக்கும். மான் நக்கும், பிறகு மெல்லும், பிறகு விழுங்கும். மாட்டைப் போலவே மானுக்கும் வயிறு நான்கு அறை. விழுங்கியது எல்லாம் முதலில் பெரிய அறையில் போய்த் தங்கி, அசைபோட மறுபடி மேலே வரும். பிளாஸ்டிக் செரிக்காது, கீழேயும் இறங்காது, அங்கேயே திரண்டு உருண்டையாகிவிடும். வயிறு நிறைந்த மாதிரியே இருப்பதால் மான் தின்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்த வயிற்றில் புல் இருக்காது, சத்து இருக்காது.

ஜப்பானில் நாரா என்ற ஊரின் பூங்காவில் மான்கள் மனிதர்களுக்கு நடுவே திரியும். அவற்றுக்குக் கொடுப்பதற்கென்றே அரிசித்தவிடு சேர்த்த ஒரு பிஸ்கட்டை அங்கே விற்கிறார்கள். காகிதப் பட்டை சுற்றித்தான் கொடுப்பார்கள், பிளாஸ்டிக் கிடையாது. சுத்தத்துக்குப் பெயர்போன நாடு. அங்கேயே 2019-ல் சில மாதங்களுக்குள் இறந்துபோன 14 மான்களில் 9-ன் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்தது. ஒரு மானின் வயிற்றிலிருந்து எடுத்தது மட்டும் 4.3 கிலோ. ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கிப் பார்த்திருப்பீர்கள் அல்லவா, ஏறக்குறைய அந்தக் கனம்.

பூங்காவில் எந்த விலங்கும் பட்டினி கிடக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் என்ன, எவ்வளவு, எப்போது என்று கணக்கு வைத்துப் போடுகிறார்கள். புலி, சிங்கங்களுக்கு வாரத்தில் ஒரு நாள் இரை போடாமல் விடுவது கூட நம் நாட்டுப் பூங்காக்களில் உள்ள வழக்கம்தான். காட்டில் தினமும் இரை கிடைக்காது என்பதால் அந்த வயிற்றுக்கு அதுவே நல்லது. நீங்கள் போடும் ஒரு பிஸ்கட் அந்தக் கணக்கைக் கலைக்கிறது. உங்களுக்கு அது ஒன்று. அன்றைக்கு வந்த ஆயிரக்கணக்கானவர்களில் நூறு பேர் போட்டால் விலங்குக்கு அது நூறு.

பாதி கடித்த பழத்தைக் குரங்குக்கு நீட்டுவதும் உண்டு. 2021-ல் நடந்தது மறந்துவிட்டதா? வண்டலூர் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றியது. ஜூன் 3-ம் தேதி நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. அப்போது பூங்கா பொதுமக்களுக்கு மூடியிருந்தது, ஆகவே அந்தத் தொற்றைப் பார்வையாளர் தலையில் போட முடியாது. ஆனால் அந்தக் கிருமி காட்டில் பிறந்து சிங்கத்துக்கு வரவில்லை, நம் கூட்டத்திலிருந்து போயிற்று. குரங்குகள் சிங்கத்தை விட நமக்கு எவ்வளவோ நெருங்கிய சொந்தம். நம் சளி, நம் காசம், நம் காய்ச்சல் எல்லாம் அவற்றையும் பிடிக்கும். எச்சில் பண்டத்தைப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொடுக்க மாட்டீர்கள். குரங்குக்கும் கொடுக்காதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஜே பிரிவுப்படி, உயிரியல் பூங்காவில் விலங்கைச் சீண்டுவது, காயப்படுத்துவது, தீனி போடுவது, சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வது, குப்பை போடுவது எல்லாமே குற்றம். ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். நீலச் சட்டைக்காரரின் விசிலும் இதில் வரும். அவரைப் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு அவருக்கு அது குற்றம் என்றே தெரிந்திருக்காது என்பதுதான் இங்கே பேச்சு.

சுவரைப் பற்றியும் கடுமையாகவே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குழந்தைக்குத் தெரியவில்லை என்று கைப்பிடிச் சுவரின் மேல் உட்கார வைத்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி மறு கையால் செல்ஃபி எடுக்கிறீர்கள். பார்ப்பவர் வயிறு கலங்குகிறது. அமெரிக்காவின் சின்சினாட்டி விலங்குக் காட்சிச் சாலையில் 2016 மே 28-ம் தேதி மூன்று வயதுச் சிறுவன் தடுப்பைத் தாண்டி கொரில்லாவின் அகழிக்குள் விழுந்தான். ஹராம்பே என்ற அந்தக் கொரில்லாவுக்கு முந்தைய நாள்தான் பதினேழு வயது நிறைந்திருந்தது. பையனைக் காப்பாற்ற அதைச் சுட்டுக் கொன்றார்கள். பையன் பிழைத்தான். ஒரு நொடி கண் வேறு பக்கம் போனதற்கு ஓர் உயிர் விலை.

டெல்லியில் அந்த விலையை மனிதர் கொடுத்தார். 2014 செப்டம்பர் 23-ம் தேதி, விஜய் என்ற வெள்ளைப் புலியின் அடைப்புக்குள் ஓர் இளைஞர் விழுந்தார். புலி உடனே பாயவில்லை. அவர் மூலையில் ஒண்டி, கைகூப்பிக் குனிந்திருக்க, அது எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. மேலே இருந்தவர்கள் கத்தினார்கள், புலியைத் திசைதிருப்பக் கல் எறிந்தார்கள். பிறகு அது அவர் கழுத்தைக் கவ்வி இழுத்துக்கொண்டு போனது. கல் எறிந்தவர்கள் அவரைக் காப்பாற்ற நினைத்துத்தான் எறிந்தார்கள். என்றாலும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்களுக்குத் தோன்றும்: விலங்கு முன்னால் நிற்கும்போது நமக்குத் தெரிந்த ஒரே மொழி கூச்சலும் கல்லும்தானா?

நீங்கள் சொல்லப்போவதும் தெரியும். “காசு கொடுத்து டிக்கெட் வாங்கி இவ்வளவு தூரம் வந்திருக்கிறோம், பிள்ளைக்கு ஒரு தடவையாவது புலி எழுந்து நடப்பதைக் காட்ட வேண்டாமா?” டிக்கெட் வாங்கியது பார்ப்பதற்கு. அது நடப்பதும் படுப்பதும் டிக்கெட்டில் சேராது. வேறு சிலர், “அடைத்து வைப்பதே கொடுமை, இதில் விசில் அடித்தால் என்ன குறைந்துவிடும்?” என்பார்கள். அடைத்து வைக்கலாமா என்பது பெரிய வழக்கு, இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, வீட்டில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாதாடுங்கள். ஆனால் அடைபட்டது என்பதற்காக அதை இன்னும் கொஞ்சம் துன்புறுத்தலாம் என்று எந்த ஊர் நியாயமும் சொல்லாது. குடிதண்ணீர், கழிப்பறை, நிழல், பேட்டரி கார் வரிசை பற்றியெல்லாம் குறை இருந்தால் அதிகாரிகளுக்கு எழுதுங்கள். அது வேறு மடல்.

அதே ஞாயிற்றுக்கிழமை இன்னொன்றும் நடந்தது. சோலைமந்தி அடைப்பின் முன்னால் ஒரு பாட்டியும் பேரனும் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய விலங்கு பார்க்கிற அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகிற இடம் அது. பலகையில் சிங்கவால் குரங்கு என்று போட்டிருக்கும். சிங்கத்தைக் காட்டில் பார்க்கக் குஜராத் வரை போக வேண்டும். இது ஆனைமலையிலும் களக்காட்டிலும் இருக்கிற நம் மேற்குத் தொடர்ச்சி மலைச் சொத்து, உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. பாட்டிக்கு முட்டி வலி. “நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க” என்று மற்றவர்களை அனுப்பிவிட்டுப் பேரனோடு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மந்தி ஒன்று பழத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வாய்க்குள் திணித்தது. கன்னம் இரண்டும் புடைத்துக்கொண்டன. “வாயில அதக்கி வெச்சிருக்கு பாரு, சோறு ஊட்டும்போது உன்னை மாதிரியே” என்றார் பாட்டி. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பை அடக்கி, அது எப்போது விழுங்கும் என்று எண்ணத் தொடங்கினான். நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து வந்தான். அதற்குள் இன்னொரு மந்தி வந்து இதன் முதுகில் பேன் பார்க்க உட்கார்ந்தது. இருபது நிமிடம் இருக்கும். அந்தப் பக்கம் பதினைந்து குடும்பங்களாவது கடந்து போயின. எந்தக் குடும்பமும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்கவில்லை.

அவனுக்கு அன்று சிங்கம் பார்க்கக் கிடைத்ததோ என்னவோ. உயிர் காலேஜில் அன்றைக்கு ஒழுங்காக வகுப்பில் உட்கார்ந்த பையன் அவன்தான்.

ஆகவே உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். எல்லாவற்றையும் ஒரே நாளில் சுற்றி முடிக்க வேண்டும் என்ற கணக்கை விடுங்கள். கிளம்பும் முன் பிள்ளையிடம் கேட்டு நாலைந்து விலங்குகளைத் தேர்ந்தெடுங்கள். அதில் ஒன்றாவது நம் மலைக்காரனாக இருக்கட்டும். காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விடுங்கள். வெயில் ஏறும் முன் விலங்குகள் தாமாகவே நடமாடும், விசில் தேவைப்படாது. அடைப்பு ஒன்றுக்குப் பத்து நிமிடம் நில்லுங்கள். குழந்தையைத் தோளில் வையுங்கள், சுவரில் வேண்டாம். தின்பண்டத்தை அடைப்புகளுக்கு அருகே பிரிக்காமல், மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டு, கவரைப் பையிலேயே போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள். விலங்குக்கு உணவு கொடுத்தே ஆக வேண்டும் என்று பிள்ளை அடம் பிடித்தால் அதற்கும் வழி இருக்கிறது. பூங்காவில் விலங்குத் தத்தெடுப்புத் திட்டம் உண்டு. பிறந்தநாளுக்கு வாங்கும் கேக்கைச் சின்னதாக்கி, ஒரு விலங்கின் தீனிச் செலவுக்குப் பணம் கட்டலாம்.

பக்கத்தில் ஒருவர் விசில் அடித்தால் சண்டைக்குப் போகாதீர்கள். “அண்ணே, தூங்குது, விட்டுடுங்க” என்று சொல்லுங்கள். உங்கள் பிள்ளைக்குக் கேட்கும்படி சொல்லுங்கள். காணும் பொங்கலன்று கூட்டத்தில் தொலையாமல் இருக்கக் குழந்தைகளின் மணிக்கட்டில் செல்போன் எண் எழுதிய பட்டை கட்டிவிடுகிற ஊர் இது. அவ்வளவு அக்கறை உள்ளவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் பாரமாக இருக்காது.

நீலச் சட்டை போட்டிருந்த அண்ணனுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் மகள் கேட்ட கேள்வி இன்னும் அப்படியே இருக்கிறது. அடுத்த விடுமுறைக்கு அவளை மறுபடி கூட்டிக்கொண்டு போய், அதே இடத்தில் நின்று, பதிலைச் சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், அன்று பூங்காவுக்கு விடுமுறை.

அன்புடன்,
அந்தக் கூட்டத்தில் வாயை மூடிக்கொண்டு நின்ற இன்னொரு தகப்பன்